எந்த ஊர்ப் பெண்களின் அளவு?

வனக்காவலர் வேலைக்கு ஹளியாள் பக்கத்திலிருந்து போன பெண்களில், ஓட்டத்திலும் சரி, நெடுநடையிலும் சரி, சித்தி என்கிற பழங்குடியைச் சேர்ந்த நாதாலின்தான் முதலில் வந்தாள். நெடுநடையின் பாதி வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தையும் நடந்து முடித்தாள். எல்லைக்கோட்டில் நின்ற அதிகாரி அவள் பாதங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று ஊரே பேசிக்கொண்டது.

அதன்பிறகு கார்வாரில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. கண், காது, பல், உயரம் எல்லாம் சரியாக இருந்தன. இரத்தத்தில் மட்டும் மாட்டிக்கொண்டாள். வெள்ளை அணுக்கள் குறைவு, அதிலும் நியூட்ரோஃபில் என்கிற வகை ரொம்பவே குறைவு, தற்காலிகமாகத் தகுதியில்லை, நிபுணரிடம் காட்டிவிட்டு மறுபரிசோதனைக்கு வரவும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஹுப்பள்ளியில் ஒரு நிபுணரைப் போய்ப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்ததைவிட அந்தத் தாளைப் பார்த்ததுதான் அதிகம்.

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். எலும்பு மஜ்ஜையில ஏதாவது கோளாறு இருந்தாலும் இருக்கலாம். இடுப்பு எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிடும்."

"கேன்சரா சார்?"

"பாக்காம எப்படிம்மா சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவள் வீடு வந்து சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. கூடப் போயிருந்த தம்பி இனாஸ், பஸ் ஸ்டாண்டில் யாரோ கேட்டதற்கு வாய்தவறி ஏதோ சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நாதாலினின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா லூசியா வேளைக்கொரு பீட்ரூட்டாக வேகவைத்துத் தட்டில் வைத்தாள்.

"அம்மா, குறைஞ்சது வெள்ளை அணு. நீ சிவப்பாப் போட்டுக்கிட்டே இருக்கே."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு. இரத்தம்னா இரத்தம்தான்."

நாதாலினுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. தாளில் இரண்டு வரிசை எண்கள் இருந்தன. முதல் வரிசை அவளுடையது: நியூட்ரோஃபில் முப்பத்துநான்கு சதவீதம், லிம்போசைட் ஐம்பத்திரண்டு, இயோசினோஃபில் பத்து, மோனோசைட் நான்கு, பேசோஃபில் பூஜ்யம். பக்கத்திலேயே பொடி எழுத்தில் இரண்டாவது வரிசை. நியூட்ரோஃபில் நாற்பதிலிருந்து எழுபத்தைந்து வரை இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தன்னுடைய எண் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஊசி குத்தி எடுத்தார்கள், எண்ணினார்கள். அந்த இரண்டாவது எண் யாரைக் குத்தி எடுத்தது?

ஹளியாள் சந்தைக்குப் பின்னால் டாக்டர் சுமனா ஹெக்டே இரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். பெங்களூரில் ரொம்ப காலம் வேலை பார்த்துவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பியவர். நாதாலின் தாளை மேஜைமேல் வைத்து, நேராக அந்தக் கேள்வியையே கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மேஜைல வந்து உக்காந்தவங்க எல்லாரும், எனக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க. நார்மல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்ட முதல் ஆள் நீதான்."

"தெரிஞ்சா சொல்லுங்க மேடம்."

"நல்லா இருக்கிற ஆளுங்களாப் பாத்து நிறையப் பேர்கிட்ட இரத்தம் எடுப்பாங்க. எண்ணுவாங்க. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டி விட்டுட்டு, நடுவுல இருக்கறதை நார்மல்னு வெச்சுப்பாங்க. நூறு பேர்ல அஞ்சு பேர், நல்லா இருந்தாலும் அந்த வேலிக்கு வெளியிலதான் நிப்பாங்க."

"அந்த நிறையப் பேர்ல எங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தியாவது இருந்தாளா?"

"இருந்திருக்க மாட்டா. இந்த எண் மெஷினோடயே அச்சடிச்சு வருது. ஆனா அதுக்காக உனக்கு ஒண்ணும் இல்லேன்னு நான் சொல்லிடல. வா, உன் இரத்தத்தைப் பாப்போம்."

விரல் நுனியில் எடுத்த துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு துண்டால் ஒரே இழுப்பில் தேய்த்தார். சாயம் ஊற்றி, கழுவி, உலரவைத்தார். மைக்ராஸ்கோப்பில் தானே நெடுநேரம் பார்த்தபிறகு எழுந்து, "உக்காரு" என்று இடம் விட்டார்.

முதலில் நாதாலினுக்குத் தன் இமை மயிர் மட்டும்தான் தெரிந்தது. பிறகு சட்டென்று பார்வை விழுந்தது. வெளிறிய சிவப்பில் வட்டம் வட்டமாகக் கொட்டிக் கிடந்தது. அதற்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதாப் புள்ளிகள்.

"ஊதாவா இருக்கறதுதான் வெள்ளை அணு. உள்ளே மூணு நாலு துண்டாப் பிரிஞ்சு, மெல்லிசா ஒட்டிக்கிட்டு இருக்கா? அது நியூட்ரோஃபில். காயம், சீழ்னா மொதல்ல ஓடி வர்றது அது. உருண்டையா, முழுக்க ஊதாவா இருக்கறது லிம்போசைட்."

"இங்க ஒண்ணு, உள்ள பூராவும் ஆரஞ்சுப் பொடி தூவின மாதிரி."

"அது இயோசினோஃபில். உனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. வயல்ல வெறுங்காலோட நடப்பியா?"

"செருப்புப் போட்டுக்கிட்டா நாத்து நடுவாங்க?"

டாக்டர் சிரித்தார். அணுக்களின் எண்ணிக்கைதான் குறைவு, உருவத்தில் ஒரு பழுதும் இல்லை, முதிராத அணுக்கள் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை என்றார். பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அடிக்கடி காய்ச்சல் வருமா? வாயில் புண்? ஏதாவது மாத்திரை? நாட்டு மருந்து? மாதவிலக்கு எப்போது? கடைசிக் கேள்விக்கு நாதாலின் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

"பொம்பளைக்கு மாசத்துக்குள்ளயே இந்த எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பெரிசா இல்ல. ஆனா ஒரே ஒரு நாள் எடுத்ததை வெச்சு முடிவு பண்ண மாட்டேன். இன்னும் ரெண்டு தடவை வேற வேற வாரத்துல வா. அப்புறம், உங்க வீட்டுல மத்தவங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?"

"எங்க ஊர்ல நல்லா இருக்கிறவங்க யாரு இரத்தம் குடுக்கப் போறாங்க?"

"கேட்டுப் பாரு. நானே வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்த பெண்களை லூசியாவின் முற்றத்தில் உட்காரவைத்தாள் நாதாலின். டாக்டர், குளிர்பெட்டியையும் ஊசிகளையும் கட்டில்மேல் பரப்பினார். யாரும் முதலில் கை நீட்டவில்லை. சாந்தான் வீட்டுக் கிழவி பேமி மட்டும் வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"எடுத்த இரத்தத்தை என்ன பண்ணுவீங்க? பட்டணத்துல வித்துடுவீங்களா?"

"உன் இரத்தத்தை எவன் வாங்குவான் பேமி? பாதி அதுல கள்ளுதான் ஓடுது" என்றாள் நாதாலினின் தங்கை பியேதாத். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பேமியே முதலில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "எடு டாக்டரம்மா. இவளைவிட என்னுது நல்ல சரக்குன்னு ஊருக்குத் தெரியட்டும்."

பேமிக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த இனாஸின் மனைவி கார்மினும் கொடுத்தாள். லூசியா, ஊசி உள்ளே போகும்போது கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள்.

முடிவுகள் வந்த அன்று பஸ்ஸில் போகும்போதே நாதாலின் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தாள். எல்லோருக்கும் குறைவாகத்தான் இருக்கும். இதுதான் எங்கள் அளவு என்று சொல்லிவிடலாம். வேலை கிடைத்துவிடும்.

ஆனால் அப்படி வரவில்லை. பியேதாத்துக்கு அவளைப் போலவே குறைவு. பேமிக்கும், இன்னும் சிலருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு அச்சடித்த வேலிக்குள்ளேயே இருந்தது. அவள் அம்மா லூசியாவுக்கே ஐம்பத்தெட்டு சதவீதம், மொத்த எண்ணிக்கையும் கச்சிதம்.

நாதாலின் தாள்களை டாக்டர் பக்கம் தள்ளினாள். "அப்போ இது ஊரோட அளவு இல்ல. எனக்கும் தங்கச்சிக்கும்தான் கோளாறு."

"அவசரப்படாதே. இங்க பாரு, உன் தம்பி பொண்டாட்டி."

கார்மினின் தாளில் வெள்ளை அணுக்கள் எகிறிக் கிடந்தன. நியூட்ரோஃபில் மட்டுமே எழுபத்தெட்டு. எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் நட்சத்திரம் போட்டிருந்தது.

"ஐயோ, இவளுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. வயித்துல பிள்ளை இருக்கும்போது அது ஏறத்தான் செய்யும். எல்லாப் பொம்பளைக்கும் ஏறும். மெஷினுக்கு அது தெரியாது, அதான் நட்சத்திரம் போடுது. பிள்ளைத்தாச்சிக்குன்னு தனி அளவு இருக்கு, அதுல வெச்சுப் பாத்தா இவ சரியா இருக்கா."

நாதாலின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அவளுக்குன்னு ஒரு அளவு யாரோ எண்ணிப் பாத்து எழுதி வெச்சிருக்காங்க. எனக்குன்னு ஒண்ணு இருக்கும்ல? யாரும் எண்ணலன்னா அது இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா இதையும் பாரு." டாக்டர் இன்னொரு வரிசையை விரலால் தொட்டுக்காட்டினார். ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இயோசினோஃபில் அதிகமாக இருந்தது. "இது உங்க ஊர்ல ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கு. அப்போ இதுவும் உங்க ஊர் அளவுன்னு விட்டுடலாமா?"

நாதாலின் யோசித்தாள். "நீங்க கேக்கற விதத்தைப் பாத்தா, விடக்கூடாதுன்னு தெரியுது."

"இது குடல்புழு. வயல் சேத்துலேர்ந்து பாதத்து வழியா ஏறுது. எல்லாருக்கும் இருந்தாலும் இது வியாதிதான். மாத்திரை குடுத்தா இறங்கிடும்."

"அப்போ எது வியாதி, எது நம்ம உடம்போட வாகுன்னு எப்படித்தான் பிரிக்கறது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நானும் உக்காந்திருக்கேன்."

அன்று மாலை வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒரு பழைய நினைவிலிருந்து நூல் பிடித்தார். சிவப்பு அணுக்களின் தோலில் டஃபி என்று ஒரு அடையாளம் உண்டு. மலேரியாவில் ஒரு வகை அந்த அடையாளத்தைக் கதவாக வைத்துத்தான் அணுவுக்குள் நுழையும். ஆப்பிரிக்காவில் பல தலைமுறைக்கு முன்பே நிறையப் பேருக்கு அந்தக் கதவே இல்லாமல் போனது. மலேரியாவுக்கு அது வசதிக்குறைவு, மனிதர்களுக்கு லாபம். அப்படிக் கதவில்லாதவர்களுக்கு ஓடுகிற இரத்தத்தில் நியூட்ரோஃபில் குறைவாகவே காட்டும். ஆனால் அவர்கள் நோஞ்சான்கள் இல்லை. காயமோ கிருமியோ வந்தால் வேண்டிய அணுக்கள் வந்துவிடும்.

"எங்க முன்னோர் ஆப்பிரிக்காவுலேர்ந்து கப்பல்ல கொண்டுவரப்பட்டவங்கன்னு ஸ்கூல்ல சொல்வாங்க. தலைமுடியைப் பாத்துக் கிண்டல் பண்ணுவாங்க. உள்ள இப்படி ஒண்ணு வந்திருக்குன்னு யாரும் சொல்லலையே."

"இருக்குன்னு நானும் இன்னும் சொல்லல. பாக்கணும். இந்த அடையாளம் அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு வரும். ரெண்டு பக்கமும் இல்லாமப் போனாத்தான் கதவே இருக்காது. உங்கம்மாவுக்கு ஒரு பக்கம் இருந்தாலும் போதும், அவங்க எண் ஒழுங்கா வந்துடும். உங்க வீட்டுக் கணக்கு அதோட ஒத்துப்போகுது. ஆனா ஒத்துப்போறது வேற, நிஜமா இருக்கறது வேற."

கடற்கரைப் பக்கத்துப் பெரிய இரத்த வங்கி ஒன்றில் அந்தப் பரிசோதனைக்கு மருந்து இருந்தது. டாக்டர் அங்கே மாதிரிகளை அனுப்பினார். இடையில் ஊர் முழுக்கப் புழு மாத்திரை கொடுத்தார். பேமி, "ஒரு துளி இரத்தத்துக்கு ஒரு மாத்திரைதானா?" என்று பேரம் பேசி இரண்டாவதாக ஒரு சோப்புக்கட்டியும் வாங்கிக்கொண்டாள்.

காத்திருந்த அந்த நாட்களில் நாதாலினுக்குத் தூக்கம் வந்தும் வராமலும் இருந்தது. பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டே தங்கையிடம் சொல்வாள்: "இடுப்புல ஊசி போடச் சொன்னா போட்டுக்கலாம்டி. அது பயமில்ல. ஆனா தெரியாமலே போட்டுக்கக் கூடாது."

"நீ பேசறதைப் பாத்தா வனக்காவலுக்குப் போறியா, டாக்டருக்குப் படிக்கப் போறியான்னே தெரியல" என்றாள் பியேதாத்.

ஒரு நாள் உச்சிவெயிலில் டாக்டரே போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "உனக்குக் கதவு இல்ல. பியேதாத்துக்கும் இல்ல. பேமிக்கும் இல்ல. உங்கம்மாவுக்கு இருக்கு. குறைவா வந்தவங்க அத்தனை பேருக்கும் இல்ல, நார்மலா வந்தவங்க எல்லாருக்கும் இருக்கு. இன்னொண்ணு கேளு. புழு மாத்திரைக்கு அப்புறம் உன் இயோசினோஃபில் பாதிக்கும் கீழே இறங்கிடுச்சு. நியூட்ரோஃபில் மூணு தடவை எடுத்தும் அசையவே இல்ல, அதே இடத்துல நிக்குது. வியாதி எது, வாகு எதுன்னு கேட்டியே, உன் இரத்தமே பிரிச்சுக் காட்டிடுச்சு."

நாதாலின் போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் லூசியா, "என்னவாம்? என்னவாம்?" என்று தோளை உலுக்கினாள்.

"எனக்குக் கதவு இல்லையாம் அம்மா."

"என்னடி உளர்றே?"

"மலேரியா வந்து தட்டறதுக்கு எனக்குக் கதவே இல்லையாம்" என்று சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். லூசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் சிரிக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. பீட்ரூட் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

டாக்டர் ஒரு எச்சரிக்கையும் செய்திருந்தார். "இதுதான் எனக்கு வழக்கம்னு எப்பவும் சும்மா இருந்துடாதே. இந்த அளவுக்கும் கீழே போனாலோ, விடாம ஜுரம் அடிச்சாலோ உடனே வரணும். உன் வழக்கம் என்னன்னு தெரிஞ்சாத்தான், அது மாறுறப்போ கண்டுபிடிக்க முடியும். புரியுதா?"

கார்வாரில் மறுபரிசோதனைக் குழுவின் தலைவராக டாக்டர் பாட்டீல் என்ற பெரியவர் இருந்தார். சுமனா ஹெக்டே அனுப்பிய முடிவுகளையும் குறிப்பையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் மாற்றி மாற்றிப் படித்தார்.

"காலேஜ்ல இதை ரெண்டு வரி படிச்சேன். பரீட்சையில கேக்க மாட்டாங்கன்னு மறந்துட்டேன். நேர்ல இப்போதான் பாக்கறேன்." பிறகு அவளிடம் திரும்பினார். "கடைசியா எப்போம்மா உடம்புக்கு முடியாம படுத்தே?"

"போன மழைக்காலத்துல சளி புடிச்சுது சார். ரெண்டு நாள்."

"வெட்டுக்காயம் ஏதாவது?"

நாதாலின் கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். அரிவாள் வழுக்கி இறங்கிய தழும்பு நீளமாக, சுத்தமாக ஆறியிருந்தது. பாட்டீல் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இளைய டாக்டர், "விதிமுறையில நாற்பதுன்னு இருக்கே சார்" என்று மெதுவாக இழுத்தார்.

"விதிமுறையில ஆரோக்கியமா இருக்கணும்னுதானே இருக்கு? நாற்பதுங்கறது நம்ம மெஷின் சொல்றது." பாட்டீல் அவளை வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இனாஸ் நகம் கடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பேச்சுச் சத்தம் உயர்ந்தது, தாழ்ந்தது. யாரோ போனில் யாரையோ கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்கள். நாதாலின் எதிர்ச்சுவரில் இருந்த கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படித்து முடித்தாள். கடைசியில் இளைய டாக்டர்தான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு.

"தகுதின்னு எழுதியாச்சு. உன்னோட வழக்கமான எண்ணையும் உன் கோப்புல சேர்த்திருக்கோம். இனிமே வேற எந்த டாக்டரும் பாத்துப் பயப்பட மாட்டாங்க. ஒரு விஷயம் கேக்கலாமா? உங்க ஊருக்கு நானும் ஒரு நாள் வந்து பாக்கலாமா?"

"வாங்க சார். பேமின்னு ஒருத்தி இருக்கா. சோப்பு எடுத்துக்கிட்டு வாங்க."

அவருக்கு அது புரியவில்லை. நாதாலினும் விளக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் அக்காவும் தம்பியும் சோறும் வறுத்த காணாங்கெளுத்தியும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இனாஸ் முள்ளைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, பொறக்கப்போற என் பிள்ளைக்குக் கதவு இருக்குமா, இருக்காதா?"

"உனக்கு என்ன, கார்மினுக்கு என்னன்னு தெரியணும். கார்மின் மாதிரியைப் பாத்தாச்சு, அவளுக்குக் கதவு இருக்கு. உன்னோடது யாருக்கும் தெரியாது. அன்னிக்கு ஊசியைப் பாத்துட்டு மாட்டை மேய்க்கப் போறேன்னு ஓடிட்டியே."

"மாடு நிஜமாவே அவுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

"சரி, சரி. மாட்டுக்குத்தான் பயம்."

இனாஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி, முழங்கையை மடக்கி நீட்டி நரம்பைப் பார்த்தான்.

"வழியில ஹளியாள்ல இறங்கிடலாமா? அந்த டாக்டரம்மா கடை திறந்திருக்குமா?"